நம்பிக்கை விலைப்பொருளன்று

மலாக்கா மாநிலத்தின் தோட்டப்புறங்களிலும் பட்டணங்களிலும் கிறித்தவ சமயத்தைக் குறித்து இருவகைப் பேச்சுகள் நெடுங்காலமாக வழங்கி வருகின்றன. முதலாவது, அச்சமயத்திற்குப் புறத்தே நிற்போர் கூறுவது. அரிசிக்கும் பால்மாவுக்கும் ஆங்கிலப் பள்ளியில் ஓர் இடத்திற்கும் ஆசைப்பட்டு மதம் மாறியவர்கள் என்று தோட்டத்துக் கிறித்தவரை எள்ளுவது அது. இரண்டாவது, அச்சமயத்திற்கு உள்ளேயே வலுப்பெற்று வருவது. நம்பிக் காணிக்கை கொடுப்பார்க்கு வீடும் வாகனமும் வாணிகமும் பன்மடங்காகத் திரும்பி வரும் என்று ஒலிபெருக்கி வைத்து உறுதி கூறுவது அது. முன்னது வசை; பின்னது வாக்குறுதி. மேலோட்டமாக நோக்குவார்க்கு இவை எதிரெதிர் நிற்பனபோல் தோன்றும். ஆழ்ந்து நோக்கின் இரண்டும் ஒரே கொள்கையின் இரு கிளைகள் என்பது புலப்படும். நம்பிக்கை என்பது ஒருவகை நாணயம். அதனைக் கொடுத்து வேறொன்றை வாங்கலாம் என்பதே அக்கொள்கை.

இக்கொள்கை பொய் என்பதற்குச் சான்று தேடி உரோமாபுரிக்கோ எருசலேமுக்கோ செல்ல வேண்டுவதில்லை. மலாக்கா நகரின் நடுவே நிற்கும் குன்றின்மீது ஏறினால் போதும்.

குன்றின்மேல் நின்ற வழக்கு

அக்குன்றின் உச்சியில் கூரையிழந்த பழங்கோயில் ஒன்று நிற்கின்றது. 1521-ஆம் ஆண்டில் போர்த்துக்கீசியர் மரியன்னையின் பெயரால் எழுப்பிய கோயில் அது. பின்னர் ஒல்லாந்தர் அதற்குப் புனித பவுலின் பெயரை இட்டனர். கோயிலின் முன்னே, 1952-இல் நிறுவப்பட்ட புனித பிரான்சிஸ் சவேரியாரின் வெண்ணிறச் சிலை, வலக்கை முறிந்த நிலையில் கடலை நோக்கி நிற்கின்றது. கோயிலினுள்ளே அவருடைய உடல் சில மாதங்கள் கிடந்த வெறுங்குழி ஒன்றும் உண்டு. கல்விச் சுற்றுலா வரும் தமிழ்ப்பள்ளி மாணவர்கள் அச்சிலையின் முன் நின்று படம் எடுத்துக்கொள்கின்றனர். அங்கே வந்த அத்துறவி இந்நகரில் யாரால் தோற்கடிக்கப்பட்டார் என்பதை அவர்களுக்கு எடுத்துரைப்பார் சிலரே.

1552-ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் சவேரியார் சீனத்திற்குச் செல்லும் நோக்கத்துடன் கோவாவிலிருந்து மலாக்காவை அடைந்தார். தியோகோ பெரெய்ரா என்னும் வணிகர், போர்த்துக்கீசிய அரசப் பிரதிநிதியின் ஆணைப்படி, சீனப் பேரரசருக்குத் தூதராகச் செல்ல இருந்தார். அவருடைய கப்பலின் பெயர் சாந்தா குரூஸ். தூதுக்குழுவோடு சென்றாலன்றி அயலார் சீனத்தினுள் நுழைதல் அரிதாயிருந்த காலம் அது. ஆதலின் சவேரியாரின் எண்ணம் முழுவதும் அத்தூதினையே நம்பியிருந்தது.

அப்போது மலாக்காவில் அதிகாரம் செலுத்தியவர் ஆல்வரோ த அத்தாயிதே. இந்தியாவுக்குக் கடல்வழி கண்ட வாஸ்கோ ட காமாவின் மைந்தர் அவர். சீன வாணிகத்தின் ஊதியம் எத்தகையது என்பதை அவர் நன்கறிவார். தூதர் என்னும் பெருமையும் அப்பெருமையோடு வரும் வாணிக இலாபமும் வேறொருவர்க்குப் போவதை அவர் பொறுக்கவில்லை. நகரின் பாதுகாப்பைக் காரணமாகக் காட்டி, சாந்தா குரூஸ் கப்பலின் சுக்கானைக் கழற்றித் தம் வயப்படுத்திக்கொண்டார். சவேரியார் இரந்து கேட்டார், பயனில்லை. நண்பர்களைத் தூதனுப்பினார், பயனில்லை. இறுதியில், அதுகாறும் எவரிடத்தும் காட்டிப் பெருமை கொள்ளாத தம் ஆவணத்தை, போப்பாண்டவரின் தூதர் என்று தம்மை அமர்த்திய ஆவணத்தை, வெளிப்படுத்தினார். தடுப்பவர்க்குச் சமய விலக்கு உண்டு என்று எச்சரித்தார். ஞாயிறுதோறும் கோயிலுக்குச் சென்ற அக்கிறித்தவ அதிகாரி அதற்கும் அசையவில்லை.

முடிவில் கப்பல் புறப்பட்டது. ஆனால் பெரெய்ரா அதில் இல்லை. அவர் மலாக்காவிலேயே தடுத்து நிறுத்தப்பட்டார். அத்தாயிதேயின் ஆள்கள் கப்பலில் ஏறினர். தூதும் இன்றித் துணையும் இன்றிச் சவேரியார் அதே கப்பலில் சென்றார். புறப்படும்போது தம் காலணியின் தூசியைத் தட்டிவிட்டுச் சென்றார் என்று மரபுரை கூறும். அதே ஆண்டு டிசம்பர் 3-ஆம் நாள், சீனக் கரை கண்ணுக்கெட்டும் சாங்சுவான் தீவில், ஓலைக் குடிசை ஒன்றில், அந்தோனியோ என்னும் சீன இளைஞர் அருகிருக்க, நாற்பத்தாறாம் வயதில் அவர் உயிர் நீத்தார்.

இவ்வரலாற்றில் கருதத்தக்கது ஒன்றுண்டு. சவேரியாரின் வாழ்நாட் பணியை முறித்தவர் மலாய் அரசர் அல்லர். சீன அதிகாரி அல்லர். வேற்றுச் சமயத்தார் எவரும் அல்லர். அவரோடு ஒரே திருமுழுக்குப் பெற்று, ஒரே பீடத்தின்முன் முழந்தாளிட்ட ஒருவரே அவரை முறித்தார். கிறித்தவத்தின் பகை செல்வப் பற்று என்பதை மலாக்காவின் வரலாறு இவ்வளவு நேராகக் காட்டியிருக்க, நம்பிக்கையும் செல்வமும் கைகோத்து வரும் என்று அதே மலாக்காவில் நின்று முழங்குவது எத்தகைய துணிவு!

மூவர் காட்டும் பாடம்

ஒரு நகரில், ஓர் ஆண்டில், மூன்று கிறித்தவர் எதிர்ப்பட்டனர். ஒருவர் அதிகாரி, ஒருவர் வணிகர், ஒருவர் துறவி. இம்மூவருள் வணிகரை மறந்துவிடுதல் ஆகாது. பெரெய்ரா செல்வர். ஆனால் அத்தூதிற்காகத் தம் பொருளைச் செலவிட்டார், இழந்தார், இழந்தும் தம் நண்பரைப் பழிக்கவில்லை. 1553 மார்ச்சு மாதம் சவேரியாரின் உடல் மலாக்காவுக்குக் கொண்டுவரப்பட்டபோது அதனை எதிர்கொண்டு போற்றியவரும் அவரே. பொருள் இருந்தும் பொருளுக்கு ஆட்படாதவர் இருக்கலாம் என்பதற்குப் பெரெய்ரா சான்று. பொருளுக்கு ஆட்பட்டவன் கடவுளின் பெயரைச் சொல்லிக்கொண்டே கடவுளின் பணிக்குக் குறுக்கே நிற்பான் என்பதற்கு அத்தாயிதே சான்று. எனவே இங்கே கண்டிக்கப்படுவது செல்வமன்று, செல்வப் பற்றே. இவ்வேறுபாட்டினை விடாது பற்றிக்கொண்டாலன்றி இப்பொருள் பற்றிய எந்த வாதமும் நேராக நடவாது.

சவேரியார் பிறப்பில் வறியவர் அல்லர். நவார நாட்டின் கோட்டை ஒன்றில், 1506-இல், உயர்குடியில் பிறந்தவர். பாரிசுப் பல்கலைக்கழகத்தில் பயின்றவர். திருச்சபையிலேயே வருவாய் மிக்க பதவி ஒன்றினைப் பெற்று இனிது வாழ எண்ணியிருந்தவர். 1534 ஆகஸ்டு 15-ஆம் நாள் மொன்மார்த்தர்க் குன்றில் தோழர் அறுவரோடு வறுமை நோன்பினை மேற்கொண்டபோது அவ்வெண்ணத்தைக் கைவிட்டார். எதனையும் வாங்குவதற்காக அவர் நம்பிக்கையைத் தேர்ந்தாரில்லை. கையில் வரவிருந்ததை விடுத்து அதனைத் தேர்ந்தார்.

இத்துறவி தமிழர்க்கு அயலாரும் அல்லர். மலாக்காவுக்கு முதன்முதல் 1545-இல் வருவதற்கு முன்னரே, 1542 முதல் முத்துக்குளித்துறையில் பரதவர் நடுவே நடந்தவர் அவர். தமிழறிந்தோர் துணையுடன் செபங்களைத் தமிழாக்கி, நெட்டுருச் செய்து, கையில் மணியொன்றை ஒலித்துக்கொண்டு தெருத்தெருவாகச் சிறுவரைக் கூட்டிக் கற்பித்தவர். அப்பணியின் தொடர்ச்சியாகவே அண்டிரிக் அடிகளார் எழுந்தார். 1578-இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சேறியது. இந்திய மண்ணில் தமிழெழுத்தில் அச்சான முதல் நூல் அதுவென்பது தமிழாசிரியர் அறிந்ததே.

அக்கரையில் ஒரு வரி இருந்தது. போர்த்துக்கல் அரசியின் பாதணிச் செலவுக்கென முத்துக்குளிப்போர் ஆண்டுதோறும் 4,000 பணம் செலுத்தி வந்தனர். மூச்சடக்கிக் கடலடியில் இறங்கியவரின் உழைப்பு, கடல்கடந்த அரண்மனையில் ஓர் அரசியின் காலுக்கு அணியாயிற்று. சவேரியார் அப்பணத்தைச் சிறுவர்க்குச் சமயக் கல்வி புகட்டும் உபதேசியாரின் ஊதியத்திற்கு வேண்டிப் பெற்றார். கற்பிக்கப்பெற்ற அச்சிறுவரே அரசியை விண்ணுலகுக்கு ஏற்றிச்செல்லும் நல்ல பாதணிகள் என்ற கருத்துப்பட அரசிக்கு எழுதினார். தூத்துக்குடியில் அதிகாரியாயிருந்த கோஸ்மே த பைவா என்பவரின் பொருளாசையைத் தம் மடல்களில் கடிந்துரைத்தார். எளிய மக்களைத் தம் அலுவலர் சூறையாடுவதற்குப் போர்த்துக்கல் மன்னரே கடவுள்முன் விடை கூற வேண்டும் என்று மன்னருக்கே உணர்த்தினார். பற்று விடுமாறு அவர் முத்துக்குளிப்போரை நோக்கிக் கூறவில்லை. முத்தை அணிந்தோரை நோக்கிக் கூறினார்.

எள்ளுவோர்க்கு விடை

"போர்த்துக்கீசியர் வந்தது மிளகுக்கன்றோ? சிலுவையைக் கையில் ஏந்தி வாளை இடுப்பில் செருகி வந்தவரின் சமயம் எப்படிப் பற்றற்றதாகும்?" என்று வினவுவோர் உளர். வினா நேர்மையானது, விடையும் நேர்மையாக இருத்தல் வேண்டும். 1511-இல் அல்புகெர்க்கே மலாக்காவைக் கைப்பற்றியது வாணிகத்திற்கே. அந்நகரில் அவர்களுக்குப் பெருந்துணையாக நின்றவர் நைனா சாட்டு என்னும் தமிழ் வணிகர். அவருடைய பொருளையும் கப்பலையும் செல்வாக்கையும் பயன்படுத்திக்கொண்டு அவருக்கு உயர்பதவி அளித்தனர். 1514-இல் அரசியல் வசதி மாறியபோது அப்பதவியைப் பறித்துக் கம்பார் அரசருக்குக் கொடுக்கத் துணிந்தனர். மானமிழந்து வாழ ஒருப்படாத அத்தமிழர் தீ மூட்டி அதனுள் பாய்ந்து உயிர்விட்டதைப் போர்த்துக்கீசிய வரலாற்றாசிரியரே எழுதி வைத்துள்ளனர். நன்றி மறந்த அச்செயலுக்குச் சிலுவையின் பெயரால் சமாதானம் கூறுதல் இயலாது, கூறவும் வேண்டுவதில்லை. அத்தாயிதே எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவரோ அந்தக் கூட்டத்தின் செயல் அது.

முத்துக்குளித்துறைப் பரதவர் 1530-களில் திருமுழுக்குப் பெற்றதும் பகைவரிடமிருந்து போர்த்துக்கீசியரின் காவலை வேண்டியே என்பதும் மறைப்பதற்குரியதன்று. தொடக்கம் ஓர் ஒப்பந்தமே. ஆனால் நம்பிக்கையின் உண்மையை அளப்பதற்குத் தொடக்கம் அளவுகோலாகாது. காவல் போன பின்னர், ஊதியம் நின்ற பின்னர், அதுவே தண்டனைக்குக் காரணமான பின்னர் அந்நம்பிக்கை என்னவாயிற்று என்பதே அளவுகோல்.

அச்சோதனை இரு கரைகளிலும் வந்தது. 1641-இல் ஒல்லாந்தர் மலாக்காவைப் பிடித்தனர்; 1658-இல் தூத்துக்குடியைப் பிடித்தனர். கத்தோலிக்க வழிபாடு ஒடுக்கப்பட்டது, குருமார் துரத்தப்பட்டனர். ஆள்வோரின் சீர்திருத்த சபையில் சேர்ந்தோர்க்கே பதவியும் சலுகையும் கிட்டும் நிலை உண்டாயிற்று. பொருளுக்காகச் சமயத்தைத் தழுவியவர்களாயின், பரதவரும் மலாக்காப் போர்த்துக்கீசியரும் அன்றே மாறியிருத்தல் வேண்டும். அவர்களுள் பெரும்பாலோர் மாறவில்லை. மலாக்காவில் மறைவாக வழிபட்டுக் காத்திருந்தனர்; ஒல்லாந்தர் இளகிய பின்னர் 1710-இல் புனித பேதுரு ஆலயம் எழுந்தது. அம்மக்களின் வழித்தோன்றல்கள் இருபதாம் நூற்றாண்டிலும் கடலோரத்தில் இறால்குஞ்சு வாரிப் பிழைத்த ஏழை மீனவராகவே இருந்தனர். முந்நூறு ஆண்டுக் காலப் பற்றுறுதி அவர்களைச் செல்வர் ஆக்கவில்லை. செல்வம் வரும் என்று அவர்கள் அதனைக் காக்கவும் இல்லை.

நடுவுநிலை கருதி இன்னொன்றும் கூறுதல் கடன். அதே மலாக்காவில் செட்டி மக்கள் எனப்படும் தமிழ்வழியினர் போர்த்துக்கீசியர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் என மூவர் ஆட்சியிலும் தம் சைவ வழிபாட்டைக் கைவிட்டாரல்லர். பேச்சுமொழியாகத் தமிழை இழந்தும் தெய்வத்தை இழக்கவில்லை. 1781-இல் எழுந்த பொய்யாத விநாயகர் கோயில் இன்றும் அதற்குச் சான்றாக நிற்கின்றது. இம்மக்களின் உறுதியைப் போற்றுவோர், அதே உறுதியைக் கிறித்தவரிடத்தில் காணும்போது மட்டும் பால்மாவைத் தேடுவது முறையாகுமா? விலைபோகாத நெஞ்சம் எச்சமயத்தில் இருப்பினும் அது தொழத்தக்கது.

கொடுத்து வாங்கியவர்

சவேரியார் மறைந்து ஏறத்தாழ 200 ஆண்டுகள் கழிந்தன. 1752 ஜனவரி 14-ஆம் நாள், ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடிமலையில் திருவிதாங்கூர் வீரர் ஒருவரைச் சுட்டுக் கொன்றனர். அவர் நீலகண்டர், நட்டாலத்தில் பிறந்து, மார்த்தாண்டவர்ம மன்னரின் ஆட்சியில் அரண்மனை அலுவலராய் இருந்தவர். குளச்சல் போரில் 1741-இல் சிறைப்பட்டுப் பின் மன்னரின் படைத்தலைவரான தெலனாயின் வாயிலாகக் கிறித்தவத்தை அறிந்து, 1745-இல் வடக்கன்குளத்தில் தேவசகாயம் என்னும் பெயரால் திருமுழுக்குப் பெற்றார். அவர் பெற்ற ஊதியம் யாது? பதவி போயிற்று, சொத்துப் போயிற்று, உற்றார் போயினர். எருமைமீது ஏற்றி ஊரூராக இழிவுபடுத்தப்பட்டார். சிறையிலும் வெயிலிலும் ஏறத்தாழ மூன்றாண்டுகள் கிடந்தார். பழைய நெறிக்கு மீண்டால் பழைய வாழ்வு மீளும் என்று கூறப்பட்டும் அவர் மீளவில்லை. அவருடைய உடல் கோட்டாற்றில், சவேரியாரின் பெயர் தாங்கிய ஆலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டது. 2022 மே 15-ஆம் நாள் உரோமாபுரியில் அவர் புனிதர் என அறிவிக்கப்பட்டார். ‘மதம் மாறியவன் வாங்கியவன்’ என்னும் பழமொழி போன்ற பழிக்குத் தேவசகாயம் ஒருவரே போதிய மறுப்பாவார்.

உயிரை விடுத்தலே ஒரே வழியன்று. மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளையைத் தமிழ் மாணவர், தமிழின் முதல் புதினமாகிய ‘பிரதாப முதலியார் சரித்திர’த்தின் ஆசிரியர் என்று தேர்வுக்காகப் படிக்கின்றனர். 1876 தொடங்கித் தென்னாட்டை வாட்டிய தாது ஆண்டுப் பெரும்பஞ்சத்தில், பதவியிலிருந்து ஓய்வு பெற்றிருந்த அக்கத்தோலிக்கத் தமிழர் தம் பொருளை வாரி வழங்கிப் பசித்தோர்க்குக் கஞ்சி வார்த்தார். கிறித்தவர்க்கு என்று தனிப்பந்தி விரித்தாரல்லர். சிவபக்தராகிய கோபாலகிருஷ்ண பாரதியார் அவருடைய வள்ளன்மையை நெஞ்சுருகிப் பாடினார் என்பது இலக்கிய வரலாறு. செல்வத்தைத் தேடியவரே வேதநாயகர். அதனைப் பிடித்து வைத்தாரில்லை. கையைத் திறக்க வேண்டிய நாளில் திறந்தார்.

ஏழைக்கு எதற்குத் துறவு?

இனி வேறொரு மறுப்பு உண்டு. இதுவே வலிமை மிக்கது. தோட்டத் தொழிலாளர் நலம் நாடுவோரிடமிருந்து எழுவது. "பற்றினை விடு என்று பால்மரம் சீவுபவனிடம் கூறுவது யாருக்கு நன்மை? அவன் பற்றை விட்டால் முதலாளியின் பெட்டி நிறையும். சமயம் ஏழையைத் தாலாட்டித் தூங்கவைக்கும் கருவியன்றோ?" என்பர்.

இம்மாநிலத்தின் வரலாறு இவ்வினாவுக்குக் கூர்மை சேர்க்கின்றது. மலாயாவில் வாணிக நோக்கில் ரப்பர் முதன்முதலாகப் பயிரிடப்பட்டது மலாக்காவிலேயே. 1896-இல் டான் சாய் யான் என்னும் மலாக்காச் சீனர் புக்கிட் லிந்தாங்கில் அதனைத் தொடங்கினார். பின்னர் புக்கிட் அசஹானில் அது பெருந்தோட்டமாயிற்று. அதன்பின் ஜாசின், அலோர் காஜா வட்டாரங்களில் விரிந்த தோட்டங்களில் தமிழர் வந்து குடியேறினர். விடியுமுன் பிரட்டுக்கு நின்று, மரம் சீவி, மங்கிலிருந்து பால் சேர்த்து, லயத்திற்குத் திரும்பிய தலைமுறைகளின் வியர்வையில் இலண்டன் பங்குதாரர் ஊதியம் பெற்றனர். 1950-களில் வெளிநாட்டுக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டாடி விற்றபோது வாழ்ந்த லயமும் வழிபட்ட கோயிலும் பயின்ற பள்ளியும் ஒருங்கே ஆட்டங்கண்டன. பின்னர்ச் செம்பனை வந்தது. அதன்பின் வீடமைப்பும் தொழிற்பேட்டையும் வந்தன. இத்தனை மாற்றங்களிலும் மரத்தைச் சீவியவர்க்கு அம்மண்ணில் ஒரு சாண் நிலமும் சொந்தமாகவில்லை. இவர்களை நோக்கிப் பற்றறுத்தலைப் போதிப்பது கொடுமையன்றோ?

கொடுமையே. அவ்வாறு போதிப்பவர் நற்செய்தி நூலைத் தலைகீழாகப் படித்தவர். உள்ளதை விற்று ஏழைகளுக்குக் கொடு என்னும் கட்டளை அந்நூலில் பெருஞ்செல்வனாகிய ஓர் இளைஞனுக்கு இடப்பட்டது. அவன் வருந்தித் திரும்பிச் சென்றான். ஒட்டகமும் ஊசிக்காதும் பற்றிய உவமை செல்வரை நோக்கிக் கூறப்பட்டது. களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்ட எண்ணிய இரவிலேயே இறந்துபோன அறிவிலியின் கதையும் செல்வனின் கதையே. பசித்தவனுக்குப் பசியோடிரு என்று அந்நூல் எங்கும் கூறவில்லை. மாறாக, கூலியைப் பிடித்துவைப்பவனைக் கடுமையாகச் சபிக்கின்றது.

பொருள் வேண்டும், அது பொதுநன்மைக்குப் பயன்பட வேண்டும் என்பதைத் தோட்டத் தமிழர் தம் செயலால் காட்டினர். தோட்டத் துண்டாடலை எதிர்கொள்ள 1960-இல் துன் வீ. தி. சம்பந்தன் தலைமையில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் அமைந்தபோது, கூலி வாங்கிய கையாலேயே திங்கள்தோறும் 10 வெள்ளி செலுத்திப் பங்கு சேர்த்தனர். அப்பணத்தைச் சேர்த்தோர் சைவர், வைணவர், கிறித்தவர் என்று பிரிந்து நிற்கவில்லை. அதனைப் பொருட்பற்று என்று எவரேனும் கூறுவாரா? தன்னொருவன் நலத்திற்காகச் சுக்கானைக் கழற்றி வைத்துக்கொள்வது பற்று. பலர் ஏறும் கப்பலுக்குச் சுக்கான் பூட்டுவது அறம். முன்னதை விடுவதற்கே நம்பிக்கை அழைக்கின்றது.

வாக்குறுதி விற்போர்

இவ்வாறிருக்க, தோட்டம் விட்டுப் பட்டணம் புகுந்த தமிழ்க் குடும்பங்களின் நடுவே இன்று விற்கப்படுவது யாது? லயத்தை இழந்து அடுக்குவீட்டில் குடியேறியவன் கையில் இழப்பீட்டுத் தொகையோ ஊழியர் சேமநிதியோ சிறிது இருக்கும். அதனைக் கவர்வதற்கு விரைவுப் பணத் திட்டக்காரன் ஒருபுறம், நான்கு நம்பர் கடை ஒருபுறம், வட்டி முதலை ஒருபுறம் என்று காத்திருக்கின்றனர். இவ்வரிசையில் கடவுளின் பெயரைச் சொல்லிக்கொண்டு நான்காமவர் ஒருவரும் வந்து நிற்பதே வேதனை. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் அமெரிக்காவில் வலுப்பெற்று, வானொலியாலும் தொலைக்காட்சியாலும் உலகெங்கும் பரவிய செழிப்புப் போதனையின் தமிழ்க் குரல் அது. காணிக்கை விதையாம், வாகனமும் வீடும் விளைச்சலாம். விளையவில்லையெனில் விதைத்தவனின் நம்பிக்கையில் குறையாம்.

இதன் கொடுமையை ஆய்ந்து நோக்குதல் வேண்டும். நோயும் கடனும் வாட்ட வந்தவனிடம் உள்ளதையும் வாங்கிக்கொண்டு, வறுமைக்குக் காரணம் உன் நம்பிக்கைக் குறைவே என்று குற்றமும் சாட்டி அனுப்புகின்றது இப்போதனை. மாற்கு எழுதிய நற்செய்தியின் 12-ஆம் அதிகாரத்தில், கோயில் பெட்டியில் இரு காசு இட்ட ஏழைக் கைம்பெண்ணை இவர்கள் ஓயாது மேற்கோள் காட்டுவர். அதற்குச் சற்றுமுன் அதே அதிகாரத்தில், நீண்ட செபங்களைக் கூறிக்கொண்டே கைம்பெண்களின் வீடுகளை விழுங்குவோர்க்கு இயேசு விடுத்த கண்டனத்தை மட்டும் படிக்காது விடுவர். இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக வைக்கப்பட்டிருப்பதன் காரணத்தை விளங்கிக்கொள்ள இறையியற் பட்டம் வேண்டுவதில்லை.

நம்பினால் செல்வம் வரும் என்பது உண்மையாயின், சாங்சுவான் தீவின் குடிசையில் குளிரில் கிடந்தவரின் நம்பிக்கை குறையுடையதா? காற்றாடிமலையில் குண்டுபட்டவரின் நம்பிக்கை குறையுடையதா? ஒல்லாந்தர் ஆட்சியில் ஒளிந்து வழிபட்ட மீனவரின் நம்பிக்கை குறையுடையதா? ஊதியமும் ஆள்பலமும் கப்பலும் பெற்றிருந்த அத்தாயிதே அல்லவா இவர்களுடைய இலக்கணப்படி இறையருள் நிறைந்தவராவார்! கொள்கை ஒன்று துறவியைத் தள்ளிவிட்டு அதிகாரியைப் பீடத்தில் ஏற்றுமாயின், அதன் பெயர் கிறித்தவமாக இருத்தல் இயலாது.

தமிழ் வகுப்பறையின் கடன்

இவ்வழக்கில் தமிழாசிரியர்க்கு என்ன பங்கு என்று கேட்கலாம். பங்கு மிகப் பெரிது. பொருளையும் பற்றினையும் பிரித்தறியும் கண்ணைத் தமிழ்போல் மாணவனுக்குத் தரவல்ல மொழிகள் சிலவே. திருக்குறளில் 35-ஆம் அதிகாரம் துறவு. 76-ஆம் அதிகாரம் பொருள் செயல்வகை. பொருளை ஈட்டச் சொன்னவரும் பற்றினை விடச் சொன்னவரும் ஒருவரே. அவற்றிற்கு முன்னரே 23-ஆவதாக ஈகையை வைத்தவரும், பயன்படாத செல்வத்தைப் பழித்து 101-ஆம் அதிகாரமாக நன்றியில் செல்வத்தை வைத்தவரும் அவரே. கிருஷ்ண பிள்ளையின் ‘இரட்சணிய யாத்திரிகம்’ 1894-இல் வெளிவந்தது. அதற்கு முதனூலான பனியனின் கதையில், உலகத்துப் பொருள் யாவும் விற்கப்படும் சந்தை ஒன்றின் ஊடே பயணிகள் நடக்கின்றனர். அவர்கள் எதனையும் வாங்க மறுத்ததே குற்றமாகித் தண்டனை பெறுகின்றனர். பட்டணத்துப் பேரங்காடிகளின் நடுவே வளரும் மாணவனுக்கு இப்பகுதியை விளக்குவதற்கு ஆசிரியர் உவமை தேடி அலைய வேண்டுவதில்லை.

குன்றின்மீது மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியர் 1511, 1641, 1824 என்னும் ஆண்டுகளை மட்டும் கூறி இறங்கிவிடாது, 1552-ஐயும் கூறுதல் வேண்டும். சமய வேறுபாடின்றி எந்த மாணவனும் கேட்டுப் பயன்பெறத்தக்க கதை அது. மதம் மாறிய ஒருவரைக் குறித்து அவர் என்ன வாங்கினார் என்று கேட்கும் வழக்கத்தை மாற்றி, அவர் என்ன கொடுத்தார் என்று கேட்க அம்மாணவர் பழகுதல் வேண்டும். அதே கேள்வியைத் தம் சமயத்தாரிடமும் தம் பெற்றோரிடமும் தம்மிடமும் கேட்கும் துணிவும் அவர்க்கு வரவேண்டும்.

கிறித்தவ சபைகளுக்கும் இக்கேள்வி பொருந்தும். 1849-இல் எழுப்பப்பட்ட இரட்டைக் கோபுரப் புனித சவேரியார் ஆலயத்தின் நிழலிலும், தோட்டத்துச் சிறு செபக்கூடங்களிலும் கூடும் மக்கள், தம் காணிக்கைப் பெட்டியின் பணம் எங்கே செல்கின்றது என்று வினவுவதற்கு உரிமை உடையவர். தோட்டம் இழந்த குடும்பத்தின் வாடகைக்கா, பிள்ளையின் தேர்வுக் கட்டணத்திற்கா, மாணவர் குறைந்து வாடும் தமிழ்ப்பள்ளிக்கா, அன்றிப் போதகரின் புதிய வாகனத்திற்கா என்பதற்கு வெளிப்படையான கணக்கு வேண்டும். அரசியின் பாதணிப் பணத்தை ஆசிரியரின் ஊதியமாக்கியவர் பெயரைத் தாங்கும் சபைக்கு இது புதிய கட்டளையன்று, மறந்துபோன கட்டளையே.

பழங்கோயிலின் வெறுங்குழியைக் கம்பிவலை மூடியுள்ளது. அதனுள் காசு எறிந்து வேண்டிக்கொள்ளும் வழக்கமும் பார்வையாளரிடையே உண்டு. காசினைத் துறந்து வந்த ஒருவரின் குழியில், காசு பெருகவேண்டும் என்று காசு எறிகின்றனர்! அக்குழியை எட்டிப் பார்க்கும் மாணவனின் கையிலும் ஒரு காசு இருக்கும். அதனை அவன் உள்ளே எறிவதா, குன்றின் அடிவாரத்தில் பசித்திருப்பவனுக்குக் கொடுப்பதா என்பதில்தான் அவன் கற்ற தமிழும் அவன் நம்பும் சமயமும் சோதிக்கப்படுகின்றன.